செய்தி சொன்ன குரலும் செவிகொடாத வீடும்

1947 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து 11 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு காமநாயக்கன்பட்டிக்கு நடந்துகொண்டிருந்தான். அன்று பரலோக மாதா திருவிழா. சாலையெங்கும் மாட்டு வண்டிகளும் கால்நடையாகச் செல்வோருமாக ஒரே கூட்டம். வழியில் வியாபாரி ஒருவர் வீட்டு வாசலில் மட்டும் மக்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தனர். உள்ளே பாட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று பேசிக்கொண்டிருந்தது. தில்லியிலிருந்து வந்த அந்தத் தமிழ்க் குரல், நாடு விடுதலை பெற்றுவிட்ட செய்தியைச் சொல்லிற்று. கேட்டவர்களில் சிலர் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பாட்டி சிலுவை வரைந்துகொண்டு, “நட, பூசைக்கு நேரமாகிறது” என்றார்.

அந்தச் சிறுவன்தான் என் தந்தை. இந்நிகழ்ச்சியை அவர் எத்தனையோ முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முடிவில், “செய்தி சொன்னவர் யாரோ, என்ன தெளிவான குரல்!” என்பார். அந்தக் குரலுக்குரியவரின் பெயர் அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் அப்போது தெரியாது. பிற்காலத்தில் அதே மனிதரைத் தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் நாங்கள் குடும்பமாக அமர்ந்து பார்த்தோம் என்பதும், பார்த்தவர் அவரே என்பதை அறியாமலே பார்த்தோம் என்பதும் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய காரணங்களாகும்.

அவர் பூர்ணம் விஸ்வநாதன். தமிழ் மேடையிலும் திரையிலும் குணச்சித்திர நடிகராக விளங்கியவர். 1921 நவம்பர் 15 அன்று பிறந்து, 2008 அக்டோபர் 1 அன்று சென்னையில் மறைந்தவர்.

தில்லியில் ஒரு தமிழ்க் குரல்

நெல்லைச் சீமையைச் சேர்ந்த பூர்ணம் குடும்பத்தைச் சொல்லின் குடும்பம் என்றே சொல்லலாம். அண்ணன் பூர்ணம் ராமச்சந்திரன், உமாசந்திரன் என்னும் புனைபெயரில் எழுதிய நாவலாசிரியர். கல்கி இதழின் வெள்ளி விழாப் போட்டியில் 1966ஆம் ஆண்டு பரிசு பெற்ற ‘முள்ளும் மலரும்’ அவருடையது. 1978இல் மகேந்திரன் அதைத் திரைப்படமாக்கினார். இன்னொரு சகோதரர் பூர்ணம் சோமசுந்தரம் மாஸ்கோவில் இருந்து உருசிய இலக்கியங்களைத் தமிழாக்கினார். ஒருவர் கதை எழுதினார். ஒருவர் அயல்மொழிக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். விஸ்வநாதனோ எழுதப்பட்ட சொல்லுக்குக் குரலும் உடலும் தந்தார்.

18ஆம் வயதிலேயே மேடையேறிய அவர், 1945இல் அகில இந்திய வானொலியில் சேர்ந்தார். அக்காலத்து வானொலியின் நிலையை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்ப்பது கடினம். சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. நாடு பிரிந்தபோது லாகூர், பெஷாவர், டாக்கா ஆகிய மூன்று நிலையங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியாவுக்கு எஞ்சியவை தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லக்னோ ஆகிய ஆறே நிலையங்கள். நாடு முழுவதிலும் இருந்த வானொலிப் பெட்டிகள் ஏறத்தாழ 2,75,000. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவர் வாழ்ந்த பகுதிகளுக்கே ஒலிபரப்பு எட்டியது. பெட்டி வைத்திருப்பவர் அதற்கென உரிமம் பெற்று, ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே ஓர் ஊரில் ஒரு பெட்டி இருந்தால், அது ஊருக்கே பொதுவான செவியாக இருந்தது. வியாபாரி வீட்டு வாசலில் மக்கள் கூடி நின்றதன் காரணம் இதுவே.

தில்லியின் செய்திப் பிரிவில் பணி எளிதன்று. செய்திகள் ஆங்கிலத்தில் வந்து சேரும். ஒவ்வொரு மொழிப் பிரிவிலும் இருப்பவர் அவற்றைக் கடிகார முள்ளோடு போட்டியிட்டுத் தம் மொழியில் பெயர்த்து எழுத வேண்டும். பிறகு ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, அவசரம் சிறிதும் தெரியாதபடி நிதானமாக வாசிக்க வேண்டும். அரசியல், பொருளாதாரம், அயல்நாட்டுப் பெயர்கள் ஆகியவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் தேடிக்கொண்டிருந்த காலம் அது. வாசிப்பவர் தடுமாறினால் ஆயிரம் கல் தொலைவில் கேட்பவர் குழம்புவார். வாசிப்பவர் முகம் எவருக்கும் தெரியாது. அவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்று எவரும் கேட்கப் போவதில்லை. செய்தியே முக்கியம், செய்தி சொல்பவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒழுங்கில் பழகிய 25 வயது இளைஞருக்கே 1947 ஆகஸ்ட் 15 காலையில் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசிக்கும் பேறு வாய்த்தது. முந்தைய நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆங்கிலத்தில் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஆங்கிலம் அறியாத தமிழ்க் குடியானவருக்கும் நெசவாளருக்கும் மீனவருக்கும் விடுதலை தமிழிலேதான் வந்து சேர்ந்தது. அந்தத் தமிழ், பூர்ணம் விஸ்வநாதன் குரலில் வந்தது. அவர் வாழ்வில் அதற்குப் பின் எத்தனையோ கைத்தட்டல்கள் கிடைத்தன. ஆயினும் அவ்வளவு பேர் அவ்வளவு ஆவலோடு அவர் பேச்சுக்குச் செவிசாய்த்த நாள் அதுவொன்றே.

அலுவலகம் முடிந்தபின் நாடகம்

வானொலிப் பணியோடு நின்றுவிடாமல், ‘யோஜனா’ இதழின் தமிழ்ப் பதிப்பாகிய ‘திட்டம்’ இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் வகித்தார். ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றி மக்களுக்கு எளிய தமிழில் விளக்குவது அவ்விதழின் நோக்கம். இதை எழுதும்போது எனக்கு எங்கள் ஆவடியின் நினைவு வருகின்றது. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் குறிக்கோளை ஏற்றது. 1956 முதல் 1961 வரையிலான இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அந்தப் பாதையிலேயே அமைந்தது. அதன் தொடர்ச்சியாக எழுந்த தொழிற்சாலைகளில் வேலை தேடித்தான் தென்பாண்டிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வந்து குடியேறினர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, முத்தாபுதுப்பேட்டையில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார்.

தமிழ் நாடகத்தில் இரண்டு ஓடைகள் உண்டு. ஒன்று, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த தொழில்முறை நாடகம். சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் பயிற்றி, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்தியது. மற்றொன்று, பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையில் தொடங்கிய ஓடை. வக்கீல்களும் அலுவலர்களும் பகலில் தம் தொழிலைச் செய்துவிட்டு மாலையில் நாடகம் ஆடிய மரபு அது. சுதந்திரத்துக்குப் பின் சென்னைச் சபாக்களில் தழைத்த நாடகம் இந்த இரண்டாம் ஓடையின் பெருக்கே. உறுப்பினர் கட்டணம் செலுத்திவிட்டு மாதந்தோறும் நாடகம் பார்க்க வரும் குடும்பங்கள். மேடையில் ஒரு கூடம், ஒரு சோபா, ஒரு தொலைபேசி. நடிப்பவர்களோ வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள். பூர்ணம் விஸ்வநாதன் இந்த மரபின் சிறந்த பிரதிநிதி. நாடகத்தால் பிழைத்தவர் அல்லர். நாடகத்துக்காக ஓய்வு நேரமெல்லாம் ஈந்தவர்.

பூர்ணம் நியூ தியேட்டர் என்னும் பெயரில் அவர் நடத்திய குழுவுக்கு ஓர் அரிய எழுத்தாளர் துணை நின்றார். அவர் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். கதைகளாலும் நாவல்களாலும் தமிழ்நாடே அறிந்தவர். அவரது நாடகங்களுள் பெரும்பாலானவை பூர்ணத்தின் குழுவுக்கென்றே எழுதப்பட்டவை. ‘கடவுள் வந்திருந்தார்’, ‘டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு’, ‘அடிமைகள்’, ‘ஊஞ்சல்’ ஆகியவை அவற்றுள் சில. எழுதுபவர் ஒரு பொறியாளர். நடிப்பவர் ஒரு செய்தி வாசிப்பாளர். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று இருந்தது: சொல்லை வீணாக்காமை.

யாரும் நம்பாத மனிதர்

‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தின் கதையைச் சற்று நினைவுகூர்வோம். சீனிவாசன் ஓய்வு பெற்ற ஒரு சாதாரண மனிதர். எதிர்காலத்திலிருந்து வந்த ஜோ என்னும் ஒருவன் அவர் முன் தோன்றுகிறான். அவன் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். வெறும் காற்றோடு அவர் பேசுவதாக மனைவிக்கும் மகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் தோன்றுகிறது. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள், வைத்தியம் பார்க்கிறார்கள், பேய் ஓட்டவும் ஆள் வருகிறது. பின்னர் அதே மனிதரிடம் ஏதோ அருள் இறங்கியிருப்பதாக நம்பி அவரைக் கடவுளாக்கவும் முற்படுகிறார்கள்.

அரங்கம் முழுவதும் சிரிப்பொலி. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிந்திப்பவருக்கு ஒன்று உறைக்கும். சீனிவாசன் தொடக்கம் முதல் இறுதி வரை உண்மையையே பேசுகிறார். ஒருமுறைகூட எவரும் அமர்ந்து, “சொல்லுங்கள், கேட்கிறேன்” என்று சொல்லவில்லை. முதலில் பைத்தியம் என்றார்கள்; பிறகு தெய்வம் என்றார்கள். இரண்டுமே அவர் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்கான வழிகள்தாம். மனிதராக மட்டும் அவரை எவரும் ஏற்கவில்லை.

‘ஊஞ்சல்’ இன்னும் ஆழமான சோகம் கொண்டது. ஒரு காலத்தில் தொழிலில் சிறந்து விளங்கிய முதியவர், காலம் தம்மைக் கடந்து போய்விட்டதை ஏற்க மறுக்கிறார். அவருடைய கனவுகள் அவருக்கு மெய்; குடும்பத்துக்கோ அவை சுமை. கூடத்து ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடுவதுபோல அவர் மனம் அன்றைய பெருமைக்கும் இன்றைய வெறுமைக்கும் இடையே ஆடுகிறது. இவ்வகைப் பாத்திரங்களில் பூர்ணம் அழுது புரளவில்லை. செய்தி வாசித்த காலத்துப் பயிற்சி அவரைக் காத்தது. குரலை உயர்த்தாமல், சொற்களை விழுங்காமல், ஒரு வாக்கியத்தின் நடுவே சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் அம்முதியவரின் அவமானம் முழுவதும் தெரியும்.

இங்கே ஒரு வியப்பு தோன்றுகின்றது. நாட்டின் மாபெரும் செய்தியைச் சொல்லி, ஒரு மொழியினர் அனைவரின் செவிகளையும் பெற்ற அதே குரல், பிற்காலத்தில் சொந்த வீட்டாரே கேட்க மறுக்கும் முதியவர்களின் குரலாக அமைந்தது. திட்டமிட்டு நேர்ந்ததன்று, வயதும் தோற்றமும் அவரை அங்கே கொண்டுசேர்த்தன. ஆயினும் அவரது கலைவாழ்வை ஒருங்கே பார்க்கும்போது, பேசப்படும் சொல்லுக்கும் கேட்கும் செவிக்கும் உள்ள உறவே அதன் ஊடுசரடாக எனக்குப் படுகின்றது.

சின்னத்திரையும் வெள்ளித்திரையும்

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. செவ்வாய்க்கிழமை மாலை நாடகம், வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிற்றுக்கிழமை திரைப்படம் என்று வாரத்துக்கே ஒரு புதிய ஒழுங்கு ஏற்பட்டது. சபாக்களுக்குச் சென்று நாடகம் பார்க்க வசதியற்ற புறநகர்க் குடும்பங்களுக்கு நாடகத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். எங்கள் தெருவில் முதன்முதலாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய வீட்டில், செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு, நாற்பது பேர் தரையில் அமர்ந்து பார்ப்போம். மேடைக்கென வளர்ந்த நடிகர்கள் பலர் தொலைக்காட்சியில் கத்திப் பேசினார்கள். பூர்ணம் விஸ்வநாதனுக்கு அந்தக் குறை இல்லை. ஒலிவாங்கிக்கு அருகில் இருந்து பேசப் பழகியவர் அவர். நம் கூடத்திலேயே அமர்ந்து பேசுவதுபோல் இருக்கும்.

திரைப்படங்கள் அவரை இன்னும் பரவலாக அறிமுகப்படுத்தின. கே. பாலசந்தர் இயக்கிய ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) படத்தில் வேலையில்லாப் பட்டதாரியான கதாநாயகனின் தந்தை; சங்கீத வித்துவான். மகனும் தந்தையும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் பிரிந்தவர்கள். இறுதியில் தந்தை மகனைச் சந்திப்பது ஒரு முடிதிருத்தும் நிலையத்தில்; மகன் அங்கே தொழிலாளி. அதிர்ச்சி, வருத்தம், பிறகு உழைத்துப் பிழைக்கும் மகன்மீது மெல்ல எழும் மதிப்பு ஆகிய அனைத்தையும் அந்த முகம் சில நிமிடங்களில் கடக்கின்றது. ‘தில்லு முல்லு’ (1981) படத்தின் நகைச்சுவையிலும், ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் மலைப்பள்ளித் தலைமையாசிரியராகவும் அவர் வந்தார். பாசில் இயக்கிய ‘வருஷம் 16’ (1989) படத்தில் பெரிய குடும்பத்தின் தாத்தா.

‘மகாநதி’ (1994) படத்தில் அவருக்குக் கிடைத்த பஞ்சாபகேசன் பாத்திரம் தனியே குறிப்பிடத்தக்கது. பிறரை நம்பி ஏமாந்து சிறைக்கு வரும் கதாநாயகன் கிருஷ்ணசாமிக்கு அங்கே துணையாகும் முதிய கைதி அவர். சிறையின் கொடுமையில் ஒருவன் மனிதனாகவே நிலைத்திருக்க இன்னொரு மனிதர் அருகில் இருப்பது போதும் என்பதை அப்பாத்திரம் காட்டுகின்றது. அவர் எதையும் சாதிப்பதில்லை; எவரையும் வெல்வதில்லை. உடனிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ இல்லையேல் கதாநாயகன் உடைந்துபோயிருப்பான்.

குணச்சித்திர நடிகரின் பணியே இதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது. சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாக இராது. படம் ஓடினால் புகழ் நாயகனுக்கு. எனினும் நாயகன் யாரோடு பேசுகிறானோ அவர் உண்மையாகக் கேட்டால்தான் நாயகனின் பேச்சும் உண்மையாகின்றது. பூர்ணம் விஸ்வநாதன் பேசும் காட்சிகளைப் பார்த்து ரசித்தவர்கள், அவர் பேசாமல் பிறர் சொல்வதைக் கேட்கும் காட்சிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னிருக்கும் கண்கள் எதிரில் பேசுபவரை விட்டு அகலமாட்டா. இக்கலைக்கு நாடு செய்த மரியாதையாக, தமிழ் நாடக நடிப்புக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் அவருக்குக் கிடைத்தது.

கடல் கடந்து ஓர் ஒப்புமை

இங்கிலாந்திலும் இத்தகைய கலைஞர் ஒருவர் வாழ்ந்தார். அலெக் கின்னஸ் (1914–2000) மேடையில் வளர்ந்து, திரையில் புகழ் பெற்று, முதுமையில் தொலைக்காட்சிக்கு வந்தவர். 1949இல் வெளிவந்த ஒரே படத்தில் ஒரு குடும்பத்தின் எட்டுப் பேராகத் தோன்றினார். வேடம் கலைந்தால் தெருவில் எவரும் அடையாளம் காணாத அளவுக்குச் சாதாரண முகம் அவருடையது.

1954இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில், செஸ்டர்டன் படைத்த துப்பறியும் குருவாகிய பிரௌன் அடிகளாராக அவர் நடித்தார். பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் படப்பிடிப்பு. ஒருநாள் மாலை அங்கியைக் கழற்றாமலே தம் விடுதிக்கு நடந்துகொண்டிருந்தார். எங்கிருந்தோ ஓடி வந்த சிறுவன் ஒருவன் அவரை உண்மையான குரு என்றெண்ணிக் கையைப் பற்றிக்கொண்டு, கதை கதையாகப் பேசியபடியே உடன் நடந்தான். தம் பிரெஞ்சு மொழி காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சிய கின்னஸ் ஒரு சொல்லும் பேசவில்லை, கேட்டுக்கொண்டே நடந்தார். சற்றுத் தொலைவு சென்றதும் சிறுவன் வணக்கம் சொல்லி மகிழ்ச்சியோடு பிரிந்தான். அறிமுகமற்ற குழந்தை ஒரு அங்கியின்மேல் வைத்த நம்பிக்கை அந்த நடிகரின் உள்ளத்தை அசைத்தது. 1956இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. இளம்பிள்ளை வாதத்தால் துன்புற்ற மகனுக்காக ஆலயத்தில் அமர்ந்து மன்றாடிய நாள்களும் உண்டு. ஆயினும் அந்த மாலை நடையைத் தம் தன்வரலாற்றில் அவர் மறவாமல் எழுதினார்.

1979இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அவர் ஏற்ற புகழ்பெற்ற பாத்திரமோ, பணியிலிருந்து வெளியேற்றப்பட்டு, மீண்டும் அழைக்கப்படும் ஜார்ஜ் ஸ்மைலி என்னும் முதிய உளவுத்துறை அலுவலர். தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. எதிரில் இருப்பவர் தாமாகவே உண்மையைச் சொல்லும் வரை பொறுமையோடு கேட்பதே அவர் ஆயுதம். வேறு நாடு, வேறு மொழி. இருந்தும், ஓய்வு பெற்ற ஒரு மனிதரின் அமைதிக்குள் எவ்வளவு பொதிந்திருக்கிறது என்பதை இருவர் நடிப்பும் ஒன்றுபோலவே சொல்கின்றன.

எங்கள் வீட்டுக் கூடம்

என் தந்தை 1994இல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகள் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்குப் படுத்தவர், திடீரென்று நாள் முழுவதும் வீட்டில் இருந்தார். முதல் சில மாதங்கள் பங்கின் திருவிழா வேலைகளும் நண்பர்கள் வருகையுமாகக் கழிந்தன. பிறகு நாற்காலி, செய்தித்தாள், வானொலி. பேச ஆரம்பித்தால், “அந்தக் கதைதானே அப்பா, தெரியும்” என்று நாங்கள் எழுந்துவிடுவோம். ஆயுதப் பூசைக்கு வந்த தொழிலாளிகள் கதை, 1947 ஆகஸ்ட் கதை, எல்லாம் எங்களுக்குத் தெரிந்த கதைகள். தெரிந்த கதையைக் கேட்பதற்கு நேரம் எங்கே?

‘மகாநதி’ படம் வந்த சில ஆண்டுகளுக்குப் பின், தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறைக் காட்சியில் பஞ்சாபகேசன் பேசும்போது அப்பா கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எண்ணினேன். சற்று நேரம் கழித்து, “இந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன்டா, ரொம்ப நாளைக்கு முன்னால்” என்றார்.

“சினிமாவில்தான் கேட்டிருப்பீர்கள்” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன்.

அப்பா 2003இல் இறைவனடி சேர்ந்தார். 2008இல் பூர்ணம் விஸ்வநாதன் மறைந்தபோது வந்த செய்திகளில்தான், விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவர் என்பதை முதன்முதலாகப் படித்தேன். அவருக்கென நாடகம் எழுதிய சுஜாதாவும் அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று காலமாகியிருந்தார். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் வெற்று நாற்காலியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11 வயதில் ஒருமுறை கேட்ட குரலை அறுபது வயதுக்கு மேல் ஒருவர் அடையாளம் காண முடியுமா? உறுதியாகச் சொல்ல இயலாது. நினைவு சில நேரங்களில் ஏமாற்றும். ஒருவேளை அவர் வேறு எதையோ சொல்ல வந்திருக்கலாம். ஆனால் அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அதுவே என் வருத்தம். ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தின் சீனிவாசனை நினைத்துச் சிரித்த நான், என் வீட்டுக் கூடத்தில் இருந்த சீனிவாசனுக்குச் செவிகொடுக்கவில்லை.

முத்தாபுதுப்பேட்டையிலும் ஆவடியிலும் பட்டாபிராமிலும் மாலை வேளையில் நடந்து பாருங்கள். விமானப்படையிலும் தொழிற்சாலைகளிலும் இரயில்வேயிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். தெருவில் போகிறவரைப் பார்த்து, “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நம்மை விசாரிப்பதற்காக மட்டுமன்று. தமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்று அறிவிப்பதுமாகும்.

பூர்ணம் விஸ்வநாதன் தம் வாழ்வில் இரண்டு பணிகளைச் செய்தார். இளமையில், நாடு கேட்கக் காத்திருந்த செய்தியைச் சொன்னார். முதுமையில், நாடு கேட்க மறந்த மனிதர்களை மேடையிலும் திரையிலும் நம் முன் கொண்டுவந்து அமர்த்தினார். முதல் பணிக்கு ஒரு காலைப் பொழுது போதுமாயிருந்தது. இரண்டாவதற்கு அரை வாழ்நாள் தேவைப்பட்டது. அது நிறைவேறியதா இல்லையா என்பது அவர் கையில் இல்லை; இன்று இரவு உணவுக்குப் பின், தெரிந்த கதையையே மீண்டும் தொடங்கும் பெரியவர் அருகில் நாம் எழாமல் அமர்ந்திருக்கிறோமா என்பதில் இருக்கின்றது.